இல்லாத காய்ச்சலுக்கு ஒரு விடுப்பு

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. வெப்பம் மூன்று டிகிரி. மழை என்று சொல்வதற்கில்லை. மேலிருந்து எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் என் குடை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பேத்தி யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பள்ளிக்கு எதிரே சாலையோரம் நின்றேன். பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவதற்கென்றே இங்கே ஓர் அம்மாளை நியமித்திருக்கிறார்கள். கணுக்கால் வரை மஞ்சள் மேலங்கி, கையில் நுனியில் வட்டப் பலகை பொருத்திய நீண்ட கம்பு. அதை ஊன்றிக்கொண்டு அவர் நடுச்சாலையில் போய் நின்றால் இரண்டு பக்கமும் கார்கள் மூச்சுக் காட்டாமல் நிற்கும். "மார்னிங், மை லவ்," என்றார் என்னைப் பார்த்து. தினமும் சொல்வதுதான். நான் இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. விடுமுறைகளைக் கழித்தால் அது இருநூற்று அறுபத்து நான்காவது தடவை. நாற்பத்தோரு வருடம் என்னோடு குடித்தனம் நடத்திவிட்டுப் போய்ச் சேர்ந்த என் மனைவி, அந்த அர்த்தம் வரும் ஒரு சொல்லை ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அவள் பங்குக்கு 'ஏங்க', என் பங்குக்கு 'இந்தா'. அந்த இரண்டு சொற்களிலேயே மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டோம். இங்கே முன்பின் தெரியாத ஓர் அம்மாள் சாலையைக் கடப்பதற்கே அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஒவ்வொரு காலையும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

இது இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சிறிய ஊர். மகன் வீட்டிலிருந்து பள்ளிக்கு என் நடையில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு அடி. பாதி நாட்களில் கடல் பக்கமிருந்து மூட்டம் எழுந்து தெருவை மூடிவிடும். கார்கள் பகலிலேயே விளக்கு எரியவிட்டு வரும். அப்படி இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல வரும்போது எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிடுகிறது. அரியலூர்ச் சாலையில் சிமெண்டு லாரிகள் கிளப்பிவிடும் புழுதியிலும் இப்படித்தான் பகல் பத்து மணிக்கு விளக்கு வரும். ஒதுங்கி நின்று வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கை போகும். கோட்டுதான் கையில் அகப்படும். எங்கள் பக்கமும் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த மண்தான். செந்துறைப் பக்கம் கொல்லையில் உழும்போது நத்தை போலச் சுருண்ட கற்கள் கிளம்பும். பையன்கள் அவற்றைக் கொண்டுதான் புளியங்காய் அடிப்பார்கள். இங்கே துறைமுகத்துக் கடையில் அதே கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பன்னிரண்டு பவுண்டு விலை போட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒன்று யாழினியின் பென்சில் பெட்டியில் கிடக்கிறது. "ரெண்டும் ஒரே கடல்தான், தாத்தா," என்பாள். இருக்கலாம். சில விடியற்காலைகளில் நான் பாடம் நடத்திய வகுப்பறை முழுக்கத் தண்ணீர் நிறைந்திருப்பதாகக் கனவு வருகிறது. பெஞ்சுகளுக்கு இடையில் பிள்ளைகளின் சடைகள் பாசி போல அசைந்துகொண்டிருக்கும். வருகைப் பதிவேட்டை நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை யாழினி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பள்ளியில் உறவுகள், உடல் வளர்ச்சி, பாலியல் கல்வி ஆகியவற்றுக்குப் புதிய கொள்கை வகுக்கிறார்களாம். பெற்றோரின் கருத்து வேண்டுமாம், அதற்கு ஒரு கூட்டமாம். அவளுடைய ஆறாம் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் மூன்று பாடங்கள். உடல் வளர்ச்சி, உறவுகளும் மரியாதையும், குழந்தை எப்படி உண்டாகிறது. தேதிகளும் போட்டிருந்தார்கள். முதல் பாடம் மார்ச் 26. கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பேத்திக்கு வயது பத்தரை. மருமகள் கவிதா வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கடிதம் என் கைக்கே வந்திருக்காது. ஆனால் அவள் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை என்று மார்ச் முதல் தேதியே கீழப்பழுவூருக்குப் போய்விட்டாள். ஆறு வாரம் ஆகும். மகன் செந்தில் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவான். கடிதத்தை நின்றபடியே பார்த்தான். "அப்பா, இதெல்லாம் எங்கிட்டக் கேட்டா எனக்கென்ன தெரியும்? நீங்க வாத்தியார். நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். கவிதாவைக் கேட்கலாமா என்றேன். குழாயைத் திறந்துவிட்டான்.

கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலிகளில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்தோம். தலைமை ஆசிரியை இளம்பெண். என் கடைசி மகளைவிட இளையவர். திரையில் உடல் உறுப்புகளின் பெயர்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். பதினோரு சொற்கள். அவற்றில் ஏழை நான் என் வாழ்நாளில் தமிழிலோ ஆங்கிலத்திலோ வாய்விட்டுச் சொன்னதில்லை. கேள்வி உண்டா என்றதும் நான்தான் முதலில் கை தூக்கினேன். ஒரு பாடம் எத்தனை நிமிடம்? நாற்பத்தைந்து. அப்படியானால் மொத்தம் நூற்று முப்பத்தைந்து நிமிடம், எத்தனை மதிப்பெண்? மதிப்பெண் கிடையாது என்றார். தேர்வு? அதுவும் கிடையாது. தேர்வு இல்லாத பாடத்தைப் பிள்ளைகள் எதற்காகப் படிப்பார்கள் என்று நான் மெய்யாகவே கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் விளக்கினார்: விருப்பமில்லாதவர்கள் மூன்றாவது பாடத்திலிருந்து மட்டும் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம், எழுதிக் கொடுத்தால் போதும். முதல் இரண்டும் எல்லோருக்கும் கட்டாயம். எனக்கோ கவலையெல்லாம் முதல் பாடம்தான். எங்கள் வீட்டுக்கு அடுத்து வரப்போவது அதுதானே.

தேநீர் வேளையில் அவர் என்னிடம் வந்தார். இந்தியாவில் பெண்பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித்தருகிறீர்கள் என்று அக்கறையோடு கேட்டார். எனக்கு வந்த பதில், "வீ ஹேவ் எ ஃபங்ஷன்." விவரிக்க வேண்டியதாயிற்று. மாமன் சீர் வரும், பட்டுப்புடவை, மஞ்சள் நீர், விருந்து, சாலை முக்கில் படம் போட்ட பெரிய பேனர். எத்தனை பேர் வருவார்கள் என்றார். நானூறு பேர் என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எவ்வளவு அருமை! எங்களைவிட நீங்கள் எத்தனை வெளிப்படையாக இருக்கிறீர்கள்!" என்றார். நான் தலையாட்டினேன். போன ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தபோது கவிதாவின் அண்ணன் மகள் வர்ஷினிக்குக் கீழப்பழுவூரில் சடங்கு. பஸ் நிறுத்தத்தில் பத்துக்கு எட்டில் பேனர். நடுவில் கிரீடம் வைத்த வர்ஷினி, சுற்றிலும் கைகூப்பிய தாய்மாமன்கள், மூலையில் பாஸ்போர்ட் அளவில் என் முகம்கூட இருந்தது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு யாழினி, "அக்கா எலெக்‌ஷன்ல நிக்கிறாங்களா?" என்று கேட்டாள். பந்தியில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்று இரவு வர்ஷினி அவளிடம் சொன்னாளாம்: "எனக்கு அன்னிக்கி ஒண்ணுமே தெரியல. அடிபட்டுடுச்சுன்னு நெனச்சேன்." வந்திருந்த நானூறு பேரில் ஒருவர்கூட அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மொய் எழுதிய நானும் அதில் ஒருவன். இதையெல்லாம் தலைமை ஆசிரியையிடம் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்று எழுதலாம். உண்மையில் போதாதது ஆங்கிலம் அல்ல.

நான் கணக்கு ஆசிரியன். முப்பத்து மூன்று வருடப் பணியில் ஒன்பது வருடம் அறிவியலும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. அரும்பாவூரிலும் செந்துறைப் பக்கத்திலும் அந்தப் பணியிடம் எப்போதும் காலிதான். இனப்பெருக்கம் என்ற பாடம் வரும் அன்று புத்தகத்தை மூடிவிட்டு, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்," என்பேன். பையன்கள் மேசைக்குக் கீழே ஒருவரையொருவர் உதைத்துக்கொள்வார்கள். பெண்கள் மேசையில் ஏதோ எழுதியிருப்பது போலக் குனிந்துகொள்வார்கள். நான் பாடக்குறிப்பேட்டில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒன்பது வருடமும் ஒன்பது 'முடிந்தது'. தலைமை ஆசிரியர்கள் பச்சை மையில் ஒப்பமிட்டார்கள். அவர்களும் இதையே செய்து வந்தவர்கள்தான். இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேர் அந்தப் பாடத்தை வீட்டில் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. கேள்வித்தாளில் அதிலிருந்து இரண்டு மதிப்பெண் வினா வரும். அதை விட்டுவிடுவதற்கும் நானே வழி சொல்லித்தந்திருக்கிறேன்.

மார்ச் 26, புதன்கிழமை, காலை எட்டு பத்து. பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கென்று ஒரு தொலைபேசி எண் உண்டு, எதிர்முனையில் இயந்திரம். மணியோசைக்குப் பிறகு பெயர், வகுப்பு, காரணம் சொல்ல வேண்டும். யாழினி சீருடை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "ஃபீவர்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யாருக்கு ஃபீவர்?" என்றாள்.

"உனக்குத்தான்."

நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். "எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"மிஸ் கேட்டா எவ்வளவுன்னு சொல்றது?"

"நூத்தொண்ணுன்னு சொல்லு."

"நூத்தொண்ணுன்னா நான் கொதிச்சிடுவேன், தாத்தா. இங்க முப்பத்தெட்டுன்னு சொல்லணும்."

அன்று முழுவதும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கப்பல் வரைந்தாள். எதற்குப் போகவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. மாலையில் செந்திலிடமும் காய்ச்சல் என்றேன். ஒரு பொய்யை மூன்று இடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்து ஒரு மனிதர் மெதுவாக நடந்து வந்து வகுப்பறை வாசலில் நின்றார். தோளில் துண்டு இல்லை; இடுப்பில் கட்டியிருந்தார்.

அவர் பெயர் தங்கவேலு. முப்பது வருடத்துக்கு முன்னால், செந்துறைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வாசலில் அவர் நிஜமாகவே அப்படித்தான் நின்றார். அவர் மகள் பூங்கொடி என் வகுப்பு. நான் வட்டிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

"சார், புள்ள பள்ளிக்கொடத்துக்கு வராதுங்க."

"ஏன், என்ன?"

"காய்ச்சலுங்க."

"எத்தனை நாளா?"

"நேத்துலேருந்துங்க. இன்னும் ஒரு பதினாறு நாளு ஆவும்ங்க."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஊரில் யாருக்குத்தான் புரியாது, பெரியவளான பிள்ளையைத் தனியே உட்கார வைக்கும் அந்தப் பதினாறு? ஆனால் நாற்பத்திரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கையில் சாக்கட்டி இருந்தது, வாய் சும்மா இருக்கவில்லை. "காய்ச்சல் பதினாறு நாள் இருக்கும்னு முன்னாடியே எப்படிய்யா தெரியும்? காய்ச்சலே வந்து தேதி சொல்லிச்சா?" என்றேன். வகுப்பு வெடித்துச் சிரித்தது. பையன்கள் மேசையைத் தட்டினார்கள். தங்கவேலுவும் சிரிப்பது போல உதட்டை இழுத்தார். "லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றேன். அவருக்கு எழுதத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். வாசல் நிலையை இரண்டு விரலால் தொட்டுவிட்டு அவர் போனார். கடிதம் வரவில்லை. எங்கள் பள்ளியில் அப்போது பதினைந்து நாள் தகவலில்லாமல் வராவிட்டால் பெயரை அடித்துவிடும் வழக்கம். பதினைந்தாம் நாள் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டேன். கோணாமல் நேராக வந்தது.

அவளை மறுபடியும் பார்த்தது நான் இங்கே கிளம்புவதற்கு முந்தைய மாதம். ஓய்வூதியர் நேர்காணலுக்காக அரியலூர் கருவூலத்துக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு, செந்துறை டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உச்சி வெயில். புழுதி ஜன்னல் வழியாக மாவு போல இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என்னையே பார்த்தார்.

"சார், நீங்க கணக்கு வாத்தியார்தானே?"

"ஆமாம்மா. நீ?"

"பூங்கொடிங்க. தங்கவேலு மவ." நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். "காய்ச்சல் பூங்கொடி, சார்! அந்தப் பேருதாங்க நெலைச்சுது. கல்யாணப் பத்திரிகையில மட்டும்தான் போடல."

முன் இருக்கைக்காரர்கள் திரும்பினார்கள். நான் டிக்கெட்டை மடித்தேன். அவரிடம் பெண்களுக்கான இலவச டிக்கெட் இருந்தது; அதைக் கண்ணாடி வளையலுக்குள் செருகியிருந்தார்.

"அன்னிக்கி எங்கப்பா வூட்டுக்கு வந்து சோறு உங்கலீங்க. 'வாத்தியார் புள்ளயக் காட்டிச் சிரிக்க வச்சிட்டாரு'ன்னுட்டுக் கொல்லைக்குப் போயிட்டாரு. பதினேழாம் நாளு நான் பையெல்லாம் மாட்டிக்கிட்டு நின்னேன், சார். வேணாம்னுட்டாரு. நீங்களும் பேர அடிச்சிட்டீங்கன்னு அப்பறம் தெரிஞ்சுது."

"பதினஞ்சு நாள் வரலைன்னா..." என்று இழுத்தேன்.

"பதினாறு நாளுன்னு அவரு வந்து சொல்லிட்டுத்தானே போனாரு? கணக்கு வாத்தியாருக்குப் பதினாறு வரைக்கும் எண்ண வராதுங்களா, சார்?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும்தான். கோபம் எங்கேயும் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்புதாம்மா என்ற சொல் நாக்கு வரை வந்தது. அதற்குப் பதிலாக, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். ஒரே மகள், பெரம்பலூரில் நர்சிங் மூன்றாம் வருடம் என்றார். என் நிறுத்தம் வந்ததும் பையை எடுத்துக் கையில் கொடுத்து, "பாத்து எறங்குங்க, சார், படி ஒசரம்," என்றார். இத்தனையும் தெரிந்துகொண்டுதான், மார்ச் 26 அன்று நான் அந்த இயந்திரத்திடம் காய்ச்சல் என்றேன்.

ஏப்ரல் 3, வியாழக்கிழமை. செந்தில் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. யாழினி இரவு உடையிலேயே மாடிப்படியில் உட்கார்ந்து, "தாத்தா, எனக்கு ஃபீவர். ஸ்கூலுக்குப் போன் பண்ணுங்க," என்றாள். வெப்பமானியை எடுத்து வந்தேன். முப்பத்தாறு புள்ளி ஆறு. உதறிவிட்டு மறுபடியும் வைத்தேன். அதே ஆறு. மூன்றாவது தடவை புள்ளி ஏழு.

"உனக்குக் காய்ச்சல் இல்லையே," என்றேன்.

"இருக்கு."

"மூணு தடவை அளந்துட்டேன்."

"அன்னைக்கு நீங்க அளக்கவே இல்லையே, தாத்தா."

சொல்லிவிட்டு எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டு மாடிப்படி பதின்மூன்று. நான் பதின்மூன்றாவது படியில், அந்த வெள்ளைக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. இந்தத் தடவையும் வாயில் ஒரு கேலிதான் முதலில் வந்து நின்றது. விழுங்கினேன். வாசல் நிலையில் என் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே மூட்டம் கூரை வரை ஏறியிருந்தது, வீடே அடியில் கிடப்பது போல.

"யாழினி, பயமாயிருக்காம்மா?"

"இல்ல. என்னன்னு எனக்குத் தெரியும். மிஸ் எனக்கு அந்த லெசன் ஷீட் தந்தாங்க. எனக்கு ஃபீவர்னு சொன்னீங்கல்ல, அதான் அடுத்த நாள் தனியா உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. இப்போ ஃபீவர் போயிடுச்சான்னு கேட்டாங்க. ஆமான்னு பொய் சொன்னேன்."

கட்டாயப் பாடம் நான் வைத்த காய்ச்சலைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது. பிறகு கதவின் அடிப்பக்கத்திலிருந்து, தரையில் உட்கார்ந்திருக்கிறாள் போலும், குரல் வந்தது.

"தாத்தா, போஸ்டர் வைக்க மாட்டீங்கல்ல?"

"என்ன போஸ்டர்?"

"வர்ஷினி அக்கா மாதிரி. பஸ் ஸ்டாப்ல. பெரிசா. கிரவுன் வச்சு." குரல் உடைந்தது. "அதான் ஃபீவர்னு சொன்னேன். ஃபீவருக்குப் போஸ்டர் கிடையாதுல்ல?"

நான் படியில் உட்கார்ந்தேன். அவள் பயந்தது அதற்கல்ல, எங்களுக்குத்தான். தன் உடம்பில் நடந்ததை மறைக்க வேண்டியது எங்களிடமிருந்துதான் என்று அவள் நினைத்திருக்கிறாள், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை என்னிடமே கற்றிருக்கிறாள். "வைக்க மாட்டோம்," என்றேன். "சத்தியமா?" என்றாள். சத்தியம் என்றேன். பிறகு, முப்பது வருடம் கழித்து, ஆள் மாற்றி, கதவைப் பார்த்துச் சொன்னேன்: "தப்பு என்னுதும்மா." உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஸ்கூலுக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "நிஜத்தையே சொல்லுங்க. பத்து மணிக்கு வரேன்னு சொல்லுங்க. மத்தியானம் நெட்பால் இருக்கு."

மணியோசைக்குப் பிறகு நான் பெயர் சொன்னேன், வகுப்பு சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். அவள் சொல்லித்தந்த மூன்று ஆங்கிலச் சொற்கள். என் பணிக்காலத்தில் என் மேசைக்கு வந்த அத்தனை விடுப்புக் கடிதங்களிலும் காய்ச்சலும் வயிற்றுவலியும் அவசர வேலையும்தான் இருந்தன. இந்தக் காரணம் ஒன்றில்கூட இருந்ததில்லை. இயந்திரம் நன்றி சொல்லி அணைந்தது. கதவுக்குள்ளிருந்து அடுத்த கட்டளை வந்தது: "அம்மா டிராயர்ல ஒண்ணுதான் இருந்துச்சு, தாத்தா. கடைக்குப் போறீங்களா? பச்சைப் பாக்கெட். சின்னது போதும்."

மாலையில் கவிதாவிடம் போனில் பேசியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், இல்லாத காய்ச்சல் உட்பட. "வாத்தியார் வேலை பாத்தவங்க செய்யற காரியமா, மாமா, இது?" என்று பொரிந்தாள், பிறகு அழுதாள், பிறகு, "புள்ள சாப்பிட்டாளா?" என்றாள். பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது. "மாமங்காரனுக்குப் போனைப் போடு! பத்துக்கு எட்டு சின்னதாத் தெரியும், பன்னெண்டுக்குப் பத்தாச் சொல்லு!"

"சம்பந்தியம்மாகிட்டச் சொல்லு, பேனர் கெடையாது. நான் வாக்குக் குடுத்துட்டேன்," என்றேன்.

"யாருக்குக் குடுத்தாராம்? கேளு," என்றது அந்தக் குரல்.

"குளியலறைக் கதவுக்கு," என்றேன். கவிதா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். கிழவியம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டு நாளாகிறது.

இனி அந்தக் காலை. கடை பள்ளியையும் தாண்டி அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. பச்சைப் பாக்கெட்டைத் தேடி எடுத்து வரிசையில் நின்றேன். பெரம்பலூரில் இதை வாங்குவதென்றால் மருந்துக்கடைக்காரர் கேட்காமலே செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டுவார். என் மனைவிக்காக நான் ஒரு தடவைகூடப் போய் வாங்கியதில்லை. இங்கே கல்லாவில் இருந்த பையன் ரொட்டிக்குச் செய்வது போலவே அதைக் கண்ணாடி மீது இழுத்துவிட்டு, "பை வேண்டுமா?" என்றான். பைக்கு முப்பது பென்ஸ். வேண்டாம் என்றேன். கோட்டுப் பையில் அரியலூர் ஜவுளிக்கடை மஞ்சள் பை மடித்து வைத்திருந்தேன், எப்போதும் இருக்கும். வெளியே வந்து கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். துணி கைக்குப் பட்டது. ஆனால் எடுக்கவில்லை.

பள்ளி முன்னால் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். மஞ்சள் மேலங்கி அம்மாள் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பப் போனவர், மூட்டத்துக்குள்ளிருந்து நான் தனியாக வருவதைப் பார்த்து நின்றார். என் கையிலிருந்ததைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நடுச்சாலைக்குப் போய்க் கம்பை ஊன்றினார். இரண்டு பக்கமும் கார்கள் எனக்காக, என் ஒருவனுக்காக, விளக்கு எரிய நின்றன. "பார்த்துப் போங்க, மை லவ்," என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குப் பஸ் படியிலிருந்து கேட்டது போலிருந்தது. வலது கையில் பச்சைப் பாக்கெட் எல்லோர் கண்ணிலும் பட வெளியே இருந்தது. இடது கை கோட்டுக்குள் மஞ்சள் பையை இறுகப் பிடித்திருந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாக, புழுதியா மூட்டமா என்று தெரியாமல், அந்தச் சாலையைப் பதினாறு அடியில் கடந்தேன். இந்தத் தடவை பதினாறு வரைக்கும் சரியாக எண்ணினேன். யாழினி பத்து ஐந்துக்கு வகுப்பில் இருந்தாள். பாக்கெட்டின் விலை ஒரு பவுண்டு அறுபத்தைந்து பென்ஸ்.